பொதிசோறும் இரண்டு ரொட்டித் துண்டுகளும்

ஆற்றுணா என்றொரு பழஞ்சொல் நம்மிடம் உண்டு. ஆறு என்பது வழி. உணா என்பது உணவு. வழிநடையில் உண்பதற்கென்று கட்டி எடுத்துச் செல்லும் சோறு. நன்கு கற்றவர்களுக்குச் சென்ற இடமெல்லாம் சொந்த ஊராகிவிடும், ஆகவே அவர்களுக்கு ஆற்றுணா தேவையில்லை என்பது பழமொழி நானூற்றின் கருத்து. அது கற்று முடித்தவர்களைப் பற்றிய பேச்சு. கற்கப் போகிறவர்களைப் பற்றி, அதிலும் நான்கு வயதில் முதுகை விடப் பெரிய பையைச் சுமந்துகொண்டு எல்.கே.ஜி.க்குப் போகிறவர்களைப் பற்றி, முன்றுறை அரையனார் ஒன்றும் சொல்லவில்லை. அவர்களுக்கு ஆற்றுணா வேண்டும். நாள் தவறாமல் வேண்டும். காலை ஏழரை மணிக்குள் வேண்டும்.

அந்த ஆற்றுணா இப்போது பல வீடுகளில் வாரத்துக்கு இரண்டு நாளாவது சாண்ட்விச்சாக இருக்கிறது. (தனித்தமிழ் அன்பர்கள் ரொட்டிக்கு ‘வெதுப்பி’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள், ஈழத்தார் போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்ற ‘பாண்’ என்ற அழகிய சிறு சொல்லை வைத்திருக்கிறார்கள். சாண்ட்விச்சுக்கு மட்டும் நாவில் நிற்கும் பெயர் எதுவும் இன்னும் அமையவில்லை. அமையும் வரை சாண்ட்விச்சே இருக்கட்டும்.) இதைப் பற்றி நம்மவரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. இது சமைக்கச் சோம்பியவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழி, பிள்ளைக்கு நான்கு இட்லி அவித்துக் கொடுக்க முடியாதவர்களுக்கு எதற்குப் பிள்ளை என்பது ஒரு கட்சி. பெரும்பாலும் இக்கட்சியில் இருப்பவர்கள் தம் வாழ்நாளில் ஒரு நாளும் இட்லி அவித்ததில்லை. நாகரிகமான பள்ளியில் நாகரிகமான உணவைக் கொண்டுபோனால்தான் பிள்ளை ஒட்டி உறவாடும் என்பது மற்றொரு கட்சி. இரண்டுமே ரொட்டியைப் பார்க்கின்றன. தின்கிற குழந்தையைப் பார்க்கவில்லை என்பது நம் கருத்து.

வீட்டில் ஊட்டுகிறோம். கதை சொல்கிறோம், நிலவைக் காட்டுகிறோம், சில வேளைகளில் கைப்பேசியையும் காட்டுகிறோம். பள்ளியில் அந்தக் குழந்தை முதன்முறையாகத் தன்னந்தனியாக உண்கிறது. நாம் அருகில் இல்லை. மூடியைத் தானே திறக்க வேண்டும், தானே எடுக்க வேண்டும், சிந்தினால் தானே துடைக்க வேண்டும், மணி அடிப்பதற்குள் முடிக்க வேண்டும். இருபது நிமிடம் என்பார்கள்; கை கழுவ வரிசையில் நிற்பதும் பையிலிருந்து பெட்டியைத் தேடி எடுப்பதும் அதற்குள்தான் அடக்கம். பெட்டிக்குள் என்ன வைப்பது என்ற கேள்வி இங்கிருந்து தொடங்க வேண்டும். சத்து, சுவை, அழகு எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

இப்படிப் பார்த்தால் சாண்ட்விச்சுக்கு ஒரு நியாயம் இருப்பது தெரியும். அதன் பெயருக்குக் காரணமான நான்காம் சாண்ட்விச் பிரபு ஜான் மாண்டேகு (1718 - 1792) சூதாட்ட மேசையை விட்டு எழ மனமின்றி இறைச்சியை இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கிடையே வைத்துக் கேட்டார் என்பது வழிவழியாக வரும் கதை. சூதாட்டம் அன்று, அலுவல் மேசையாகவே இருந்திருக்கும் என்று அவர் வரலாற்றை எழுதியவர் வாதாடியிருக்கிறார். எதுவானால் என்ன? ஒரு கை வேறு வேலையாக இருக்கும்போது மறு கையால் உண்ணத்தக்க உணவு. வேறெங்கோ கவனம் இருக்கிற ஒருவருக்கான உணவு. பக்கத்து இருக்கைச் சிறுமியின் புதிய பென்சில் டப்பாவிலிருந்து கண்ணை எடுக்க முடியாத நான்கு வயதுக் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமானது வேறென்ன? தோசை ஆறினால் தோல்போல் இழுக்கிறது. பிஞ்சு விரல்களால் பிய்க்க முடிவதில்லை. சாம்பார் சாதத்துக்குக் கரண்டி வேண்டும். இடியாப்பம் பெட்டியின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறது. இட்லி நல்லதுதான், பொடியும் நல்லெண்ணெயும் தடவிய சிறிய இட்லிகளை வெல்லும் உணவு உலகில் இல்லை என்று எவரேனும் சொன்னால் நாம் மறுக்கப் போவதில்லை. ஆனால் வாரம் ஐந்து நாள், ஆண்டுக்கு இருநூறு நாள் என்று அதையே அனுப்பினால் குழந்தை இட்லியைப் பகையாக நினைக்கத் தொடங்கும். அது இட்லிக்குச் செய்கிற துரோகம்.

ரொட்டிமேல் நம் முந்தைய தலைமுறைக்கு இருக்கும் ஐயத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டு வீடுகளில் ரொட்டி நெடுங்காலம் நோயாளியின் உணவாக இருந்தது. காய்ச்சல் கண்டவனுக்குப் பாலில் தோய்த்த ரொட்டி. மருத்துவமனையில் கிடப்பவரைப் பார்க்கப் போகிறவர் கையில் ஒரு ரொட்டிப் பொட்டலமும் ஆர்லிக்ஸ் புட்டியும். நலமாக இருக்கும் பிள்ளைக்கு ரொட்டி கொடுப்பதா என்று பாட்டிமார்கள் முகம் சுளிப்பதன் வேர் அங்கே இருக்கிறது. நடுவணரசு 1965இல் மாடர்ன் பேக்கரீஸ் நிறுவனத்தைத் தொடங்கி, மெழுகுத்தாளில் சுற்றிய சீரான ரொட்டியை நகரங்களெங்கும் கொண்டுவந்தது. அந்த நிறுவனம் 2000இல் இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது. நோயாளியின் தட்டிலிருந்து எழுந்த ரொட்டி அதற்குள்ளாகவே பள்ளிப் பைக்குள் இடம் பிடித்துவிட்டது.

ரொட்டியின் குறைகளை மறைக்கவும் வேண்டாம். கடை ரொட்டியில் பெரும்பாலானவை மைதாவே. ‘பழுப்பு ரொட்டி’ என்ற பெயரைக் கண்டு ஏமாறுகிறவர்கள் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிக்க வேண்டும். உட்பொருள்களை எடையின் இறங்குவரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். முதலில் சுத்திகரித்த கோதுமை மாவு என்றும் கடைசியில் 150 என்ற எண்ணும் இருந்தால், அந்தப் பழுப்பு கோதுமைத் தவிட்டின் நிறமன்று. கருக்கிய சர்க்கரையின் நிறம். மாவை உப்பவைக்கச் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டின் மிச்சம் தில்லியில் விற்ற பல ரொட்டிகளில் இருப்பதாக அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 2016 மே மாதத்தில் வெளியிட்ட ஆய்வு ஒரு கலக்கத்தை உண்டாக்கியது. அடுத்த மாதமே அதைச் சேர்க்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் தடை செய்தது. இதெல்லாம் தெரிந்த பின்னும் வாரத்துக்கு இரண்டு நாள் முழுக்கோதுமை ரொட்டி கொடுப்பதில் பெரிய பாவம் ஏதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. தின்னாமல் திரும்பும் கேழ்வரகு அடையைவிடத் தின்று தீர்த்த ரொட்டி மேல்.

நிற்க. செய்முறைக்கு வருவோம். இலக்கியம் பேசும் இடத்தில் இது என்ன சமையல் குறிப்பு என்று கேட்பவர்கள் அடுத்த சில பத்திகளைத் தாண்டிச் செல்லலாம். ஆயினும் தாண்டாமல் படித்தால் அவர்கள் வீட்டில் ஒருவராவது மகிழ்வார்.

சாண்ட்விச்சின் முதற்பகை நீர். காலையில் மொறுமொறுப்பாக இருந்தது மதியத்தில் களியாவதற்கு மூன்று வழிகள் உண்டு. சூடாகச் சுட்ட ரொட்டியை உடனே பெட்டியில் இட்டு மூடுவது முதலாவது. ஆவி மூடியில் முட்டி, நீராகி, ரொட்டிமேலேயே விழுகிறது. கம்பித்தட்டில் சாய்த்து ஐந்து நிமிடம் ஆறவிட்டால் போதும். நமக்கோ அந்த ஐந்து நிமிடம்தான் காலையில் கிடைப்பதில்லை! இரண்டாவது வழி வெள்ளரியும் தக்காளியும். வெள்ளரியை வட்டமாக அரிந்து, சிட்டிகை உப்புத் தூவிச் சிறிது நேரம் வைத்தால் தண்ணீரை விட்டுவிடும்; துணியில் ஒற்றி எடுத்துவிட்டு வைக்க வேண்டும். தக்காளியில் விதையும் சாறும் உள்ள நடுப்பகுதியை நீக்கிவிட்டுச் சதையை மட்டும் வைக்க வேண்டும். மூன்றாவது, சட்னி. தட்டில் இட்லிக்குப் போடும் சட்னியை அப்படியே ரொட்டியில் தடவுகிறவர்கள் உண்டு. அது நனைந்த செய்தித்தாளைப் போலாகிவிடும். கொத்தமல்லியையும் புதினாவையும் தண்ணீர் சேர்க்காமல், ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையுடன் கெட்டியாக அரைத்தால் அது ரொட்டியோடு ஒட்டி நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு துண்டுகளின் உட்புறத்திலும் விளிம்பு வரை வெண்ணெய் தடவ வேண்டும். வெண்ணெய் சுவைக்காக மட்டும் அன்று. நீரைத் தடுக்கும் அணை அது. மும்பைத் தெருவோரத்தில் உருளைக்கிழங்கு, பீட்ரூட், வெள்ளரி, பச்சைச் சட்னி எல்லாவற்றையும் அடுக்கி விற்கிறவர் முதலில் வெண்ணெயைத் தாராளமாகத் தடவுவதன் சூட்சுமம் இதுவே.

உள்ளே என்ன வைப்பது? இங்கேதான் நம்மவர்கள் கற்பனை வறட்சியால் ஜாமிடம் சரணடைந்துவிடுகிறார்கள். ஜாமில் எடைக்குப் பாதிக்கு மேல் சர்க்கரை. மாதத்தில் ஒரு நாள் விருந்தாக இருக்கலாம். வாரத்தில் இரண்டு நாள் என்றால் மிட்டாயை ரொட்டியில் மடித்துக் கொடுப்பதாகவே பொருள். நம் அடுக்களையில் ஏற்கனவே இருக்கும் எத்தனையோ பொருள்கள் ரொட்டிக்கு இடையே வருவதற்குக் காத்திருக்கின்றன. இட்லிப் பொடியில் நெய் விட்டுக் குழைத்துத் தடவலாம். முந்தைய நாள் சுண்டலின் கொண்டைக்கடலையை மசித்து எலுமிச்சைச் சாறு பிழியலாம். வறுத்த நிலக்கடலையை வெல்லத்துடன் நெகிழ அரைத்து வைக்கலாம். துருவிய காரட்டை வெறும் சட்டியில் ஈரம் போக வதக்கி மிளகுத்தூள் தூவலாம். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் வீட்டில் பாணுக்கு நடுவே தேங்காய்ச் சம்பலை வைத்து அழுத்திக் கொடுத்தார்கள்; உறைப்பைக் குறைத்தால் குழந்தைகளுக்கும் ஆகும். ஆனால் தேங்காய் வெயிலில் சீக்கிரம் ஊசும் என்பதை மறந்துவிடக் கூடாது.

வெயில் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏழரைக்கு மூடிய பெட்டி பன்னிரண்டேகாலுக்குத் திறக்கப்படுகிறது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம். சமைத்த முட்டை, பன்னீர், இறைச்சி போன்றவற்றை அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல், 32 பாகை செல்சியசைத் தாண்டிய வெக்கையில் ஒரு மணி நேரத்துக்கு மேல், வெளியே வைக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் விதி. சென்னையின் ஜூன் மாதத்தை அந்த விதியை எழுதியவர் பார்த்திருக்க மாட்டார். ஆகவே இத்தகைய பொருள்களை மதியப் பெட்டியில் வைக்காமல் முதல் இடைவேளைக்கான சிறு பெட்டியில் வைப்பதும், உறையவைத்த குளிர்ப்பை ஒன்றைத் துணியில் சுற்றி உடன் வைப்பதும் அவசியம். மதியப் பெட்டிக்குப் பொடியும் கடலையும் வெல்லமுமே பாதுகாப்பானவை. மயோனைசைத் தொடவே வேண்டாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது காரணமில்லாமல் அன்று. பக்கத்தில் திராட்சை வைப்பவர்கள் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அதை நீளவாக்கில் நான்காக அரிந்தே வைக்க வேண்டும். முழுத் திராட்சை மூச்சுக்குழலை அடைக்கும் அளவில் இயற்கை அதைப் படைத்து வைத்திருக்கிறது.

ஓரங்களை வெட்டி எறிவதும், நட்சத்திரமாகவும் கரடிக்குட்டியாகவும் அச்சில் வெட்டுவதும், அதைப் படமெடுத்து நான்கு பேர் பார்க்க இடுவதும் இப்போது பெருகிவருகிறது. ஜப்பானில் தாய்மார்கள் பெட்டிச் சோற்றில் பூனையையும் பொம்மையையும் உருவாக்குவதன் எதிரொலி. அழகை நாம் வெறுக்கவில்லை. ஆனால் ஒரு கரடிக்குட்டிக்காக ரொட்டியில் மூன்றில் ஒரு பங்கு குப்பைக்குப் போகிறது. மற்றோர் அடுக்களையில் ஒரு பெண் தன் பிள்ளையின் சதுர ரொட்டியைப் பார்த்துக் குற்றவுணர்வு கொள்கிறாள். குறுக்காக வெட்டி நான்கு முக்கோணங்களாக்கினால் போதுமானது. முக்கோணத்தின் கூர்முனை சிறு வாய்க்கு எளிதாக நுழைவாயில் காட்டுகிறது.

‘பெண்’ என்று எழுதிவிட்டோம், தற்செயலாக அன்று. பள்ளிகள் அனுப்பும் உணவுப் பட்டியலின் தலைப்பில் பெரும்பாலும் ‘தாய்மார்களின் கவனத்திற்கு’ என்றுதான் இருக்கிறது. திங்கள் ரொட்டி, செவ்வாய் பழம், புதன் சுண்டல் என்று கட்டம் போட்டு வரும் அந்தத் தாளைத் தந்தைமார்கள் கையொப்பமிட மட்டுமே பார்க்கிறார்கள். இரண்டு ரொட்டித் துண்டுகளில் வெண்ணெய் தடவ எந்தப் பயிற்சியும் தேவையில்லை, அடுப்பே வேண்டாம். இட்லிமாவு பதம் தெரியாது, குழம்புக்குப் புளி அளவு தெரியாது என்று ஒதுங்கி நிற்கும் ஆடவர்களுக்கு அந்தச் சாக்கு எதையும் சாண்ட்விச் விட்டுவைக்கவில்லை. நாம் அதன்மேல் வைத்திருக்கும் மதிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்தி. நம் வீட்டுப் பிள்ளைக்குச் சென்ற ஆண்டில் ஒரு நாள் முட்டைச் சாண்ட்விச் கட்டிக் கொடுத்தோம். மெல்லிய ஆம்லெட்டை இருபுறமும் நன்றாக வேகவைத்து, ஆறவிட்டு, மிளகு தூவி, முதல் இடைவேளைப் பெட்டியில் குளிர்ப்பையுடன் வைத்திருந்தோம். மாலையில் பெட்டி அப்படியே திரும்பி வந்தது. ஒரு முக்கோணத்தில் மட்டும் ஒரு சிறிய கடிச்சுவடு இருந்தது. நாட்குறிப்பில் மூன்று வரி: பள்ளி வளாகத்துக்குள் சைவ உணவு மட்டுமே அனுமதிக்கப்படும், பிற குழந்தைகள் வாடையால் சங்கடப்படுகிறார்கள், ஒத்துழைப்புக்கு நன்றி. பிள்ளைக்கு அன்று மதியம் வரை பட்டினி. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்போம். அன்று இரவு அவன் கேட்டது: “முட்டை அழுக்கா?” சிறிது நேரம் கழித்து மற்றொன்றும் கேட்டான்: “அப்ப தாத்தா அழுக்கா?” தாத்தா நாள்தோறும் காலையில் ஒரு முட்டை உண்பவர்.

பள்ளியில் எவரும் அவனிடம் அழுக்கு என்ற சொல்லைச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நம்புகிறோம். அந்த ஆசிரியையும் நல்லவர். தமக்கு மேலிருந்து வந்த விதியை எழுதி அனுப்பினார். ஆனால் பெட்டியை மூடச் சொன்ன விதமும், மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திய விதமும் ஒரு குழந்தைக்குப் போதும். மூன்று வரிக் குறிப்பைப் படிக்கத் தெரியாதவன் அதன் பொருளை நம்மைவிடச் சரியாகப் படித்துவிட்டான்.

இவ்விதிக்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பது நேர்மை. ஒவ்வாமை என்றால் அது உண்மையான காரணம். முட்டையும் நிலக்கடலையும் சில குழந்தைகளுக்கு உயிருக்கே ஆபத்தாகலாம். வகுப்பில் அப்படி ஒரு குழந்தை இருந்தால், முட்டை என்ன, வேறு எதை விலக்கச் சொன்னாலும் மறுபேச்சின்றி விலக்குவோம். ஆனால் நமக்கு வந்த குறிப்பில் ஒவ்வாமை என்ற சொல்லே இல்லை. அதே வகுப்பில் கடலை மிட்டாய்க்குத் தடையும் இல்லை. அடுத்து, பிள்ளைகள் பகிர்ந்து உண்பார்கள், சைவக் குடும்பத்துப் பிள்ளை தெரியாமல் தின்றுவிடும் என்பது. இதில் ஒரு நியாயம் இருக்கிறது; அக்குடும்பத்தின் நம்பிக்கையும் மதிக்கத்தக்கதே. கேட்டுவிட்டுத் தின்னக் கற்றுக்கொடுப்பது அதற்கு மருந்து. வாடை என்பது மூன்றாவது. வேகவைத்த காலிபிளவருக்கும் பெருங்காயத்துக்கும் பழுத்த பலாவுக்கும் வாடை இல்லையா? எந்த வாடை மணம், எந்த வாடை நாற்றம் என்று தீர்மானிப்பது மூக்கன்று. அது யார் என்பது இவ்வூரில் வளர்ந்த எவருக்கும் விளங்கும்.

எண்ணிக்கையையும் பார்ப்போம். இந்தியப் பதிவாளர் நாயகம் 2014இல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் புலால் உண்பவர்கள். நூற்றில் தொண்ணூற்றேழு வீடுகளின் அன்றாட உணவைப் பள்ளி வாயிலிலேயே நிறுத்திவிட்டு, அதற்கு ‘ஒத்துழைப்பு’ என்று பெயரிடுகிறார்கள். மூன்று வீடுகளின் உணர்வை மதிக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். மதிப்பது வேறு, மற்றவர்கள் தம் உணவை மறைத்து உண்ணச் செய்வது வேறு.

இது நம் ஊர்க் கதை மட்டும் அன்று. உத்தரப் பிரதேசத்தின் அம்ரோஹாவில் 2024 செப்டம்பரில், உணவுப் பெட்டியில் இறைச்சி கொண்டுவந்தான் என்று குற்றம் சாட்டி ஏழு வயதுச் சிறுவனை ஒரு தனியார்ப் பள்ளி ஒதுக்கியது. அவன் தாயும் தலைமையாசிரியரும் வாதிடும் காணொளி நாடு முழுவதும் பரவியது. அக்குடும்பத்துக் குழந்தைகளை வேறு பள்ளியில் சேர்க்க ஆவன செய்யும்படி அலகாபாத் உயர் நீதிமன்றம் டிசம்பரில் மாவட்ட நிர்வாகத்துக்கு உத்தரவிட வேண்டியதாயிற்று. அங்கே வெளியேற்றம், இங்கே நாட்குறிப்பில் மூன்று வரி. தொலைவு அதிகம்தான். ஆனால் பாதை ஒன்று.

இதே தமிழ்நாட்டில் சாலைக்கு எதிர்ப்புறம் இருக்கும் அரசுப் பள்ளியின் வரலாறு வேறாக இருக்கிறது. பிட்டி தியாகராயர் தலைமையிலான சென்னை மாநகராட்சி மன்றம் 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில், பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. காமராசர் 1956இல் மதிய உணவை மாநிலம் எங்கும் கொண்டுசென்றார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். கலைஞர் ஆட்சியில் 1989இல் பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று வேகவைத்த முட்டை தட்டில் ஏறியது; 2010இல் அது பள்ளி நடக்கும் எல்லா நாளுக்கும் உரியதாயிற்று. ஜெயலலிதா ஆட்சியில் 2013இல் கலவைச் சாதங்களுடன் மசாலா முட்டை அறிமுகமாயிற்று. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு. ஒரே வரிசையில் ஒருவன் முட்டையும் ஒருத்தி வாழைப்பழமும் உண்கிறார்கள். இதனால் எந்தப் பள்ளியும் இடிந்து விழவில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்திலும் அவர்கள் ஒன்றாகவே அமர்கிறார்கள். கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின. தட்டிலிருந்து எவரும் எதையும் எடுக்கவில்லை, சேர்க்கவே செய்தார்கள். கட்டணம் கட்டிப் படிக்கும் நம் பிள்ளைகளுக்குத்தான் ஒன்றாக அமர்ந்து வெவ்வேறாக உண்ணும் இந்தக் கல்வி கிடைக்கவில்லை.

பெரியபுராணத்தில் இரண்டு இடங்களில் இறைவனே பொதிசோற்றுடன் வருகிறான். திருப்பைஞ்ஞீலிக்குப் போகும் வழியில் பசியால் தளர்ந்த அப்பருக்குச் சோலையும் குளமும் அமைத்து, அந்தணர் உருவில் காத்திருந்து பொதிசோறு தருகிறான். திருக்குருகாவூர் வழியில் சுந்தரருக்கும் அவ்வாறே பந்தலிட்டுத் தருகிறான். நம்மவர் கடவுளுக்கே தகுந்த வேலையென்று எண்ணியது, வழிநடையில் இருப்பவனுக்குச் சோறு கட்டிக் கொடுப்பதை. முட்டைக்கும் பெரியபுராணத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கண்ணப்பர் கதையும் அதே நூலில்தான் இருக்கிறது. காட்டில் வேட்டையாடிய இறைச்சியை வாயில் சுவைத்துப் பார்த்துப் படைத்தவர் அவர். பூசை செய்யவந்த சிவகோசரியார் அதைக் கண்டு பதறினார், படைக்கப்பட்டவன் பதறவில்லை.

மறுநாள் நாம் பள்ளிக்குச் சென்றோம். சண்டையிடவில்லை. விதி எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டோம். சேர்க்கைப் படிவத்தில் இல்லை, கையேட்டிலும் இல்லை. வழக்கம் என்றார்கள். வீட்டில் பிள்ளையிடம், முட்டை அழுக்கன்று, தாத்தா அழுக்கன்று, சிலர் தின்பார்கள், சிலர் தின்னமாட்டார்கள், உன் வகுப்பில் அதற்கு இன்னும் ஏற்பாடு செய்யவில்லை என்று சொன்னோம். எவ்வளவு புரிந்தது என்பது தெரியவில்லை. அதன்பின் இன்றுவரை பெட்டியில் என்ன இருக்கிறது என்று காலையில் திறந்து பார்த்துவிட்டே பையில் வைக்கிறான். முன்பு அந்த வழக்கம் அவனுக்கு இல்லை.

அடுத்த மாதம் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. அவ்விதி உண்மையிலேயே பள்ளியின் விதியானால், காரணத்துடன் எழுத்தில் தரும்படி கேட்கப் போகிறோம். ஒவ்வாமை உள்ள பிள்ளை எவரேனும் இருந்தால் அதைச் சொல்லும்படியும் கேட்போம். உணவு நேரத்தை இருபது நிமிடத்திலிருந்து முப்பதாக்க வேண்டும் என்பது இரண்டாவது விண்ணப்பம். இதற்கு எந்தக் கட்சியின் எதிர்ப்பும் இருக்காது என்று நினைக்கிறோம். கையொப்பமிட ஒன்பது பெற்றோர் இசைந்திருக்கிறார்கள். அவர்களில் மூவர் முட்டையைக் கையால் தொடாதவர்கள். அவர்களில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், நாம் சொன்ன அந்தக் கெட்டிப் பச்சைச் சட்னிக்குப் பொட்டுக்கடலை எவ்வளவு என்று.